சூடு திரும்பும் நேரம்

பைபாஸ் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியைச் சுற்றிப் பல திரைகள் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஓர் எண். அனுபவப்பட்ட செவிலியர் அத்தனையையும் பார்த்து முடித்தபின் போர்வையின் கீழ் ஓரத்தை விலக்கி, நோயாளியின் கால் பெருவிரலையும் தொட்டுப் பார்ப்பார். விரல் வெதுவெதுப்பாக இருந்தால் நிம்மதி. சில்லிட்டிருந்தால் மறுபடி திரைப்பக்கம் திரும்புவார்.

இந்தத் தொடுகைக்குப் பின்னால் ஆராய்ச்சி உண்டு. 1969ல் ஜோலி, வெய்ல் என்ற இரு மருத்துவர்கள், ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் இருந்த நோயாளிகளின் பெருவிரல் வெப்பநிலையை அளந்து வெளியிட்டார்கள். விரல் எவ்வளவு குளிர்ந்திருந்ததோ அவ்வளவுக்கு இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைந்திருந்தது. இதயம் தளரும்போது உடல் இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிக்கொண்டு, தோலுக்குப் போகும் நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. அந்தச் சிக்கனம் முதலில் தெரிவது பெருவிரலில்தான். பைபாஸ் நோயாளியின் விரல் குளிர்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் உடலே குளிர்ந்துபோய்த்தான் அறுவை அரங்கைவிட்டு வெளியே வருகிறார். அந்தச் சூடு எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது, திரும்பும் வேகத்தில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

காரைக்கால்காரர்களுக்கு இந்தக் கதையில் தனி அக்கறை இருக்க வேண்டும். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் தனித் துண்டாகக் கடலோரத்தில் இருக்கும் ஊர் இது. 2016ல் ஜிப்மரின் கிளைக் கல்லூரி இங்கே தொடங்கியது. ஆனாலும் பைபாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிறார்கள். வசதியும் சிபாரிசும் பொறுத்துத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்களும் உண்டு. ஆபரேஷன் ஓர் ஊரில் நடக்கிறது, தேறுவது இன்னோர் ஊரில். நடுவில் உள்ள சாலைத் தூரம் நோயாளியின் உடல்சூட்டைக் கவனிக்கும் பொறுப்பில் ஒரு பகுதியைக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், இதயத்தைத் திறக்கக் குளிரை ஏன் நாடினார்கள்?

37 டிகிரி செல்சியஸில் ரத்த ஓட்டம் நின்றால் மூளை மூன்று நான்கு நிமிடம்தான் தாங்கும். அதற்குள் இதயத்தைத் திறந்து, தைத்து, மூடுவது நடக்காத காரியம். கனடாவின் டொரண்டோவில் பணியாற்றிய வில்ஃபிரட் பிகலோ, உறைபனியில் விரல் கருகிய நோயாளி ஒருவருக்கு விரல்களை அகற்ற நேர்ந்ததிலிருந்து குளிர் உடலை என்ன செய்கிறது என்று படிக்கத் தொடங்கியவர். நடுங்கவிடாமல் மயக்கத்தில் வைத்துக் குளிர்வித்தால் உடலின் ஆக்சிஜன் தேவை படிப்படியாக இறங்குகிறது என்று நாய்களிடம் காட்டினார். 1950ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினால் தேவை 6 முதல் 7 சதவீதம் குறையும். 28 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். நாம் வீட்டில் பேசும் ஃபாரன்ஹீட் கணக்கில் இது 82.4. ‘நூறு இருக்கு’, ‘நூத்தியொண்ணு அடிக்குது’ என்று பதறும் நமக்கு, ஒரு மனிதர் எண்பத்திரண்டில் உயிரோடு கிடக்க முடியும் என்பதே வியப்புதான்.

1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜான் லூயிஸ் என்ற அறுவை மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமியை இப்படிக் குளிர்வித்து, இதயத்துக்குள் வரும் ரத்தத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையைத் தைத்தார். பிறகு அந்தக் குழந்தையை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் கிடத்திச் சூடேற்றினார்கள். எட்டு மாதம் கழித்து, 1953 மே 6 அன்று, ஜான் கிப்பன் தன் இதய-நுரையீரல் இயந்திரத்தை மனிதரிடம் முதன்முறையாக வெற்றியோடு பயன்படுத்தினார். இனி ஐந்தரை நிமிடக் கெடு கிடையாது. இயந்திரமே ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். இருந்தும் குளிர்விக்கும் வழக்கம் போகவில்லை. இயந்திரத்தோடு ஒரு வெப்பமாற்றியை இணைத்தார்கள். நுண்ணிய குழாய்களின் ஒரு பக்கம் ரத்தம் ஓடும், மறுபக்கம் தண்ணீர் ஓடும். தண்ணீரின் வெப்பநிலையை மாற்றினால் சில நிமிடங்களில் உடல் முழுவதும் மாறிவிடும். பம்ப் ஒரு கணம் தடுமாறினாலும் குளிர்ந்த மூளை பொறுத்துக்கொள்ளும் என்ற காப்பு உணர்வுதான் 28 முதல் 32 டிகிரி வரை இறக்கும் பழக்கத்தைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றியது.

இந்தியாவுக்கு இந்தக் கலை வர அதிக காலம் ஆகவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டிக் காலில் எடுத்த நாளத்தை ஒட்டும் முறையை ரெனே ஃபவலோரோ 1967ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிலைநிறுத்தினார். எட்டே ஆண்டுகளில், 1975ல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். ரயில்வே ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்று நடத்தப்பட்ட ஒரு பொது மருத்துவமனையில் இது நடந்தது. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய எழுத்தில் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. செரியன் 2025 ஜனவரியில் காலமானார்.

நோயாளி குளிர்வது இயந்திரத்தால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விழித்திருக்கும் மனிதரின் உள்வெப்பத்தை அரை டிகிரிகூட அசையவிடாமல் காக்கிறது. கொஞ்சம் இறங்கினால் தோலின் நாளங்கள் சுருங்கும், இன்னும் இறங்கினால் நடுக்கம் தொடங்கும். மயக்க மருந்து இந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கினாலும் மூளை கண்டுகொள்ளாது. நாளங்கள் விரிந்து, நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கை கால்களுக்குப் பரவி, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி குறைகிறது. இதோடு திறந்த மார்பு, நாளம் எடுப்பதற்காகப் போர்த்தாமல் விட்ட கால்கள், கிருமிநாசினியின் ஈரம், நரம்பில் ஏறும் குளிர்ந்த திரவங்கள், அரங்கின் ஏ.சி. எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இங்கே இந்திய நோயாளிக்கென்று ஒரு தனிக் கவலை இருக்கிறது. இயந்திரத்தில் ஏற்றாமல், துடிக்கும் இதயத்திலேயே தையல் போடும் முறை மேலைநாடுகளைவிட நம் நாட்டில் மிக அதிகம். அதில் பல நன்மைகள் உண்டு. ஆனால் இயந்திரம் இல்லையென்றால் வெப்பமாற்றியும் இல்லை. மூன்று நான்கு மணி நேரத்தில் உடல் தானாகக் குளிர்ந்துகொண்டே போகும், கடைசியில் விரைவாகச் சூடேற்ற வழி கிடையாது. அதனால் அங்கே காப்பு முழுவதும் முன்கூட்டியே செய்யும் சிறு வேலைகளில் இருக்கிறது. அரங்கின் ஏ.சி.யைத் தணித்து வைப்பது, முதுகுக்குக் கீழே வெந்நீர் ஓடும் மெத்தை, ஏற்றுமுன் சூடாக்கிய சலைன், தேவைப்படாத இடங்களை மூடி வைப்பது. மருத்துவர்கள் திட்டமிட்டுக் கொண்டுவரும் குளிரைவிட, யாரும் கவனிக்காமல் ஏறும் குளிரைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அப்படிக் குளிர்ந்த ரத்தம் உறைவதற்கு நேரம் எடுக்கும். தட்டணுக்கள் மந்தமாகும், கசிவு கூடும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம்.

அப்படியானால் குளிர்விக்காமலேயே செய்தால் என்ன? 1990களின் தொடக்கத்தில் டொரண்டோ மருத்துவர்கள் இதைத்தான் கேட்டார்கள். குளிருக்கு ஊற்றுக்கண்ணாக இருந்த ஊரிலிருந்தே இந்தக் கேள்வி எழுந்தது. 1994ல் அவர்களுடைய பெரிய சோதனையின் முடிவு வந்தது. 1732 பைபாஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சூடான முறை, மறு பிரிவுக்குக் குளிர்ந்த முறை. சூடான பிரிவில் ஆபரேஷனுக்குப் பின் இதயம் தளர்ந்துபோவது குறைவாக இருந்தது. பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. அதே 1994ல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திலிருந்து 1001 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை வெளிவந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. அங்கே சூடான பிரிவில் 4.5 சதவீதம் பேருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பு, குளிர்ந்த பிரிவில் 1.4 சதவீதம்.

இரண்டு நல்ல மருத்துவமனைகள், இரண்டு பெரிய சோதனைகள், எதிரெதிர் விடைகள். இந்த முரணை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் பயனுள்ள பாடம் கிடைத்தது. டொரண்டோவில் ‘சூடு’ என்றால் உடலைத் தன்போக்கில் விடுவது. உள்வெப்பம் மெல்லச் சரிந்து 33, 34 டிகிரிப் பக்கம் போய்விடும். அட்லாண்டாவில் ‘சூடு’ என்றால் 35 டிகிரிக்குக் கீழே போகாமல் விடாமல் சூடேற்றிக்கொண்டே இருப்பது. இரு ஊர்களின் இதயப் பாதுகாப்புத் திரவத்தில் இருந்த சர்க்கரையின் அளவும் வேறு. ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன. வெப்பமாற்றி வழியாகச் சூடேறிய ரத்தம் பெருந்தமனியில் நுழைந்ததும் முதலில் போகும் இடங்களில் ஒன்று மூளை. மூளைக்கு அந்த நேரத்தில் சூடு கூடினால் பசி கூடும். நுண் அடைப்புகளால் அடிபட்ட செல்களுக்கு அந்தப் பசியே நஞ்சாகும்.

அடுத்த ஆய்வுகள் இந்தத் திசையில் போயின. கனடாவின் ஒட்டாவாவில் 223 பேரை 32 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். பாதிப் பேரை வழக்கம்போல் 37 வரை சூடேற்றினார்கள், மீதிப் பேரை 34ல் நிறுத்தி மிச்சத்தை உடலிடமே விட்டார்கள். ஒரு வாரம் கழித்து நினைவு, கவனம், கைவேகம் எல்லாம் சோதித்தபோது 37 வரை போனவர்களில் 62 சதவீதம் பேரிடம் குறை தென்பட்டது, 34ல் நின்றவர்களிடம் 48 சதவீதம். இது வெளியானது 2001ல். அடுத்த ஆண்டு டியூக் பல்கலைக்கழகக் குழு, மெதுவாகச் சூடேற்றியவர்களின் அறிவுத்திறன் நன்றாக இருப்பதையும், ஆபரேஷன் முடிந்த முதல் நாளில் வெப்பநிலை அதிகம் ஏறியவர்களிடம் மந்தம் கூடுதலாக இருப்பதையும் காட்டியது. ‘பைபாஸுக்கு அப்புறம் அப்பாவுக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டு’ என்று வீடுகளில் சொல்கிறார்களே, அதற்கு வயதும் ரத்தநாள நோயும் மயக்க மருந்தும் பெரிய காரணங்கள். ஆனால் சூடேற்றும் அவசரம் நம் கையால் தவிர்க்கக்கூடிய காரணம். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அவசரம் கெடுக்கும் இன்னொரு வழியும் உண்டு. குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் கரைந்திருக்கும். ரத்தத்தைத் திடீரென்று சூடாக்கினால் கரைந்த வாயு நுண்குமிழிகளாக வெளிவரக்கூடும், அவை மூளையின் நுண்நாளங்களில் போய் நிற்கும்.

எந்த இடத்தில் அளப்பது என்பதும் சாதாரண விஷயம் அல்ல. களத்தில் காயும் நெற்குவியல் மேலே கலகலவென்று இருக்கும், கையை உள்ளே விட்டால் ஈரம் தட்டும். உடலிலும் அப்படித்தான், ஒரே நேரத்தில் மூக்கின் பின்பகுதி ஓர் எண் சொல்லும், சிறுநீர்ப்பை வேறொன்று சொல்லும், பாதம் மூன்றாவதாக ஒன்று சொல்லும். இயந்திரம் சூடேற்றும்போது மூக்கில் வைத்த உணர்கருவி 36 என்று காட்டினாலும் மூளை அதைவிட அதிகச் சூட்டில் இருக்கலாம். 2015ல் அமெரிக்காவின் இதய அறுவை மருத்துவர்கள், மயக்கவியலாளர்கள், இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டுகள் ஆகியோரின் சங்கங்கள் கூடி வழிகாட்டுதல் வெளியிட்டன. இயந்திரத்திலிருந்து உடலுக்குள் போகும் ரத்தத்தின் வெப்பநிலையையே மூளையின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளுங்கள், அது 37ஐத் தாண்ட விடாதீர்கள், 30 டிகிரிக்கு மேல் நிமிடத்துக்கு அரை டிகிரியை மீறிச் சூடேற்றாதீர்கள் என்பது அதன் சாரம். இதைக் கடைப்பிடிக்கப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி தீவிர சிகிச்சைப் பிரிவின் முதல் இரவு. இயந்திரத்திலிருந்து இறங்கும்போது 36.5 காட்டிய நோயாளி படுக்கைக்கு வரும்போது 35.5ல் இருப்பார். வழியில் யாரும் அவரைக் குளிர்விக்கவில்லை. உள்ளுறுப்புகள் மட்டும்தான் சூடேறியிருந்தன, தொடையும் தோளும் பாதமும் இன்னும் குளிர்ந்தே இருந்தன, சூடு அங்கே பங்காகிவிட்டது. வெதுவெதுப்பான காற்றை ஊதும் போர்வையைப் போர்த்தினால் சில மணி நேரத்தில் சரியாகும். மயக்கம் தெளியும் நேரத்தில் ஹைப்போதலாமஸ் விழித்து ‘குளிர்கிறது’ என்று கண்டுகொண்டால் நடுக்கம் வரும். நடுங்கும் தசைகள் ஆக்சிஜனை இரண்டு மடங்கு, சிலரிடம் அதற்கும் மேல் கேட்கும். புதுத் தையல் போட்ட இதயத்துக்கு அந்த நேரத்தில் தர முடியாத கடன் அது. எனவே நடுக்கத்தை மருந்து கொடுத்து உடனே அடக்குகிறார்கள். சூடு ஏற ஏற நாளங்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும், அதற்கேற்பத் திரவம் ஏற்ற வேண்டும். உள்வெப்பம் 36ஐத் தாண்டி, கசிவு நின்று, நோயாளி சொன்னதைக் கேட்டுக் கையை அழுத்தத் தொடங்கியபின்தான் மூச்சுக்குழாயை எடுக்க யோசிப்பார்கள். வெளியே வராந்தாவில் ‘ட்யூபை இன்னும் எடுக்கலையா சிஸ்டர்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் உறவினர்கள் இந்தச் சில மணி நேரத் தாமதத்தின் காரணம் தெரிந்தால் அவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் நூறு, நூற்றியொன்று என்று காய்ச்சல் அடிக்கலாம். பெரும்பாலும் கிருமி காரணமல்ல. அறுத்த திசுக்களும், இயந்திரத்தின் பிளாஸ்டிக் பரப்பில் உரசி வந்த ரத்தமும் உடலின் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. ஐந்தாம் நாள், பத்தாம் நாள் வரும் காய்ச்சல் வேறு வகை. மார்பெலும்புப் புண், காலில் நாளம் எடுத்த புண், நுரையீரல், சிறுநீர், ஊசிக் குழாய் போட்ட இடம் என ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மார்பெலும்பின் கீழே கிருமி இறங்கும் அபாயம் கூடுதல். சில வாரங்கள் கழித்து, இதயத்தைச் சுற்றிய உறை அழற்சி கண்டு, காய்ச்சலோடு மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சுவலி வருவதும் உண்டு. அந்த நாட்களில் நோயாளி எங்கே இருப்பார்? காரைக்காலில், தன் வீட்டில்.

வீட்டில் நாம் செய்வதென்ன? ‘பச்சை உடம்பு, காத்துப் படக் கூடாது’ என்று ஜன்னலைச் சாத்தி, காதைக் கட்டி, கம்பளி போர்த்துகிறோம். அன்பில் செய்வதுதான். ஆனால் நம் கடற்கரையின் மே மாதப் புழுக்கத்தில் அது கேடு. நீர் மாத்திரையும் பீட்டா பிளாக்கரும் சாப்பிடுகிறவரின் உடல் வெக்கையைத் தள்ளும் திறன் குறைந்திருக்கும். வியர்வையில் ஊறும் மார்புப் புண்ணும் கால் புண்ணும் எளிதில் கெடும். காற்றோட்டமான அறை, மெல்லிய பருத்தித் துணி, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து குளியல், குளித்ததும் புண்ணை ஒற்றி உலர்த்துவது. கார்த்திகை மழை நாளில் போர்வை வேண்டியதுதான், ஏனென்றால் குளிர் நாளங்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். நோயாளியிடம் ‘குளிருதா, புழுங்குதா’ என்று கேட்டுப் போர்த்துங்கள்.

இரண்டாவது பழக்கம் இன்னும் ஆபத்தானது. உடம்பு லேசாகச் சுட்டதும் அளக்காமலே பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறோம். காய்ச்சல் இறங்கும், காரணம் அப்படியே இருக்கும். மருத்துவரிடம் போகும்போது ‘காய்ச்சல் வந்துச்சு, போயிருச்சு’ என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. மார்பெலும்பின் அடியில் கிருமி இருந்தால் அந்த இரண்டு மூன்று நாள் விலைமதிப்பற்றது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கிருமி இருந்தும் காய்ச்சல் சரியாக ஏறாமல் போகலாம், சிலருக்கு 96.8க்குக் கீழேகூட இறங்கும். சூடு ஏறாத அந்த உடம்பில் திடீர்க் குழப்பமோ அசதியோ தெரிந்தால் அதையும் காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் இதற்குப் போதும். காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில், வாயிலென்றால் வாயில், அக்குளென்றால் அக்குளில், அளந்து தேதியோடு எழுதுங்கள். சூடான காபி குடித்த கையோடு வாயில் வைக்க வேண்டாம். மாலையில் அரை டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. அக்குள் அளவு உள்வெப்பத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். 100.4ஐத் தாண்டி ஒரு நாள் நீடித்தாலோ, 101ஐத் தொட்டாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, இருமும்போது நெஞ்செலும்பு ‘கடக்’கென்று அசைந்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் உள்ள எண்ணுக்கு உடனே பேசுங்கள், அன்றே உள்ளூர் மருத்துவமனையில் காட்டுங்கள். மாத்திரையைக் கொடுக்கும் முன் அளந்து எழுதிய அந்தத் தாளையும் கையில் எடுத்துப் போங்கள்.